வீட்டு முற்றத்தில் மொறிஸ் மைனர்: திருகோணமலைக்காரருக்கான கேள்வி பதில்

இங்கே பேசுவது பெரும்பாலும் மொறிஸ் மைனர் 1000 பற்றியது. 1956 இல் 948 சிசி எஞ்சினுடன் வந்து, 1962 இல் 1098 சிசி ஆகி, 1971 வரை தயாரான பிரித்தானியக் கார். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், ஃபோர்ட் அங்கிலியா வைத்திருப்பவர்களுக்கும் கறள், வெல்டிங், பெயின்ற் பற்றிய பகுதி அப்படியே பொருந்தும். எஞ்சின் அளவுகள் மட்டும் பொருந்தாது.

கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெயின்ற் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?

பெயின்றைப் பார்க்காதீர்கள், குப்புறப் படுத்துக் கீழே பாருங்கள். மைனருக்குத் தனியான சேஸி கிடையாது, போடியே சேஸி. முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டிச் சட்டம்தான் இந்தக் காரின் இடுப்பெலும்பு. முன் சில்லுகளைத் தாங்கும் ரோர்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிறிங்காக வேலை செய்யும் நீளக் கம்பி) இரண்டின் பின்முனையும் அதில்தான் பிடித்திருக்கின்றன. அதன் இரண்டு ஓரங்களிலும் பழைய ஸ்குரூ டிறைவரால் குத்திப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் தகரம் இருக்கிறது. 'பொத்' என்றால் புட்டியும் தாரும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அடுத்து கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, ஜக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிறிங் மாட்டும் தாங்கிகள், டிக்கித் தளத்தின் மூலைகள். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இழுத்துப் போங்கள்; அது வழுகி விழும் இடத்தில் புட்டி தடிப்பாக இருக்கிறது.

கதவு இடைவெளியையும் கவனியுங்கள். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. அப்படியான காரை, எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், விலை பேசும்போது எஞ்சின் இல்லாத கார் என்றே கணக்கிட வேண்டும். எஞ்சினைத் திருத்துவது சின்னச் செலவு, போடிதான் ஆளை விழுங்கும்.

பத்திரங்களில் எதைச் சரிபார்ப்பது?

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 948 எஞ்சின் இலக்கம் பொதுவாக '9எம்' என்று தொடங்கும், 1098 உடையது '10எம்ஏ' என்று. பழைய கார்களில் எஞ்சின் இரண்டு மூன்று தடவை மாறியிருப்பது சகஜம். மாற்றம் புத்தகத்தில் ஏறாமல் இருப்பதுதான் தலையிடி. எஞ்சினையோ நிறத்தையோ நீங்கள் மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். ஆகவே நிறத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பழைய நிறத்துக்கே திரும்புவதில் அலைச்சல் குறைவு, காருக்கும் அழகு. ட்ரஃபல்கர் நீலம், ஓல்ட் இங்கிலிஷ் வைற், ஸ்மோக் கிறே எல்லாம் மைனருக்கென்றே பிறந்த நிறங்கள்.

எந்த ஒழுங்கில் வேலை செய்வது?

போடி, பிறேக்கும் முன் சில்லுப் பிடிப்பும், எஞ்சின், வயறிங், பெயின்ற், கடைசியாக ஆசனமும் குரோமும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் மாதமே புது சீற் கவரும் ஸ்ரியரிங் வீலும் வாங்கிவிடுவார்கள்; வெல்டிங் பொறி பறந்து சீற்றில் ஓட்டை விழும்போதுதான் ஒழுங்கு ஞாபகம் வரும்.

வருடத்தில் எந்த மாதத்தில் தொடங்கலாம்?

நம் ஊரில் மாரி ஐப்பசியில் பிடித்தால் தை வரை விடாது. அந்த நாட்களில் வெறும் தகரத்தைத் திறந்து வைக்கக் கூடாது; எஞ்சின், கியர்பொக்ஸ், டைனமோ, கார்புரேற்றர் போன்ற மேசை வேலைகளைக் கொட்டிலுக்குள் வைத்துச் செய்யுங்கள். வெட்டு, வெல்டிங் பங்குனி தொடக்கம். பெயின்ற் சித்திரை முதல் ஆவணி வரை, ஆனால் காற்றுப் பார்த்து. அதைக் கீழே சொல்கிறோம்.

கழற்றும்போது நட் எல்லாம் வழுகுகிறது. ஏன்?

மில்லிமீற்றர் ஸ்பனர் போடுகிறீர்கள். மைனர் 1000 அங்குல அளவுக் கார். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஏஎஃப் (நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அங்குல அளவு) ஸ்பனர்களும் ரிங்குகளும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். 13 மிமீ ஸ்பனர் 1/2 அங்குல நட்டில் ஏறும், ஆனால் இறுகிய நட்டில் மூலையைத் தின்றுவிடும். இறுகிய நட்டுக்கு முதல்நாள் மாலையே கறள் இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள், அசையாவிட்டால் சூடாக்குங்கள். பெற்றோல் குழாய்க்கும் பிறேக் குழாய்க்கும் கிட்ட நெருப்பு வேண்டாம்.

கழற்றிய ஒவ்வொன்றையும் வேறு வேறு பொலித்தீன் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். மை வியர்வையில் அழியும். கடதாசியில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டி உக்கிவிட்டது. வீட்டில் மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் எடுத்தவுடன் வெட்டினால் கார் வாழைப்பழம் மாதிரி வளையும்.

காரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். மணல் முற்றம் என்றால் சில்லுகளுக்கும் காரைத் தூக்கி நிறுத்தும் இரும்புத் தாங்கிகளுக்கும் கீழே சீமெந்துப் பலகையோ தடித்த மரப்பலகையோ போடுங்கள். மணலில் ஒரு பக்கம் 10 மிமீ இறங்கினாலே அளவு எல்லாம் பொய். எஞ்சினும் கியர்பொக்ஸும் வெளியே இருந்தால் பாரம் குறையும். தாங்கிகளை முன்னும் பின்னும் உறுதியான தகரம் உள்ள இடத்தில் வையுங்கள். ஜக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போகாதீர்கள்.

பிறகு 25 மிமீ சதுர இரும்புக் குழாய் ஒன்றைக் கதவு வாசலில், பிணைச்சல் தூணில் இருந்து பூட்டுத் தூணுக்குக் குறுக்காக, உட்பக்கமாகப் பற்றவையுங்கள். உட்பக்கம் என்பது முக்கியம், ஏனென்றால் குழாய் இருக்கும்போதே கதவைப் போட்டு மூடிப் பார்க்க முடிய வேண்டும். வெட்டுவதற்கு முன் வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரில் எழுதிவிடுங்கள்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். உள்தகடு முதலில், வெளித்தகடு பிறகு. ஒவ்வொரு கட்டத்திலும் புள்ளி புள்ளியாகப் பிடித்து, கதவைப் போட்டு, இடைவெளி பார்த்து, அதன்பிறகே முழு வெல்டிங். பெட்டிச் சட்டங்களுக்கு 16 அல்லது 18 கேஜ் தகரம், வெளித்தோலுக்கு 20 கேஜ். மெல்லிய தகரத்தில் ஒரே இழுவையாக ஓட்டினால் சூட்டில் நெளியும். 20 மிமீ இங்கே, 20 மிமீ அங்கே என்று தாவித் தாவி வையுங்கள்.

நடுக் குறுக்குச் சட்டத்தையே மாற்றுவதானால், அதற்கு முன் ரோர்ஷன் பாரின் இறுக்கத்தை முறைப்படி தளர்த்த வேண்டும். முறுக்கோடு இருக்கும் பாரை விடுவிக்காமல் சட்டத்தை வெட்டினால் கை போகும். இந்த ஒரு வேலைக்கு மைனர் பழகிய பாஸ் ஒருவரைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

ஆயத்தத் தகடுகள் இலங்கையிலேயே செய்யப்படுகின்றன. பிரித்தானியாவுக்கே இங்கிருந்து மைனர் பாகங்கள் போயிருக்கின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரித்துவிட்டு வெட்டுங்கள், வெட்டிவிட்டு விசாரிக்காதீர்கள்.

மிக் வெல்டிங் போடுகிறேன். கோடு முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை. மெசின் பழுதா?

மெசின் அல்ல, காற்று. மிக் வெல்டிங்கில் உருகும் உலோகத்தைச் சுற்றி வாயு ஒரு குடை பிடிக்கிறது. கச்சான் காற்று வீசும் நாளில் அந்தக் குடை பறந்துவிடும். உருகிய இரும்புக்குள் காற்றுப் புகுந்து ஓட்டை ஓட்டையாக ஆறும். மூன்று பக்கமும் தீப்பிடிக்காத மறைப்புக் கட்டுங்கள். கூரைத் தகரம் போதும். கிடுகும் படங்கும் பொறியில் பற்றும். அல்லது விடிய 6 மணியில் இருந்து 9 மணிக்குள் வேலையை முடியுங்கள். தகரத்தில் கறளோ பெயின்றோ மிஞ்சியிருந்தாலும் இதே ஓட்டைதான் வரும், ஆகவே இரண்டு பக்கமும் 20 மிமீ அகலத்துக்கு வெள்ளித் தகரம் தெரியும்வரை உரஞ்சுங்கள்.

போடித் தகரத்துக்கு 0.6 மிமீ கம்பி வாகு. குச்சி வெல்டிங் 20 கேஜில் ஓட்டைதான் போடும்.

தொடங்குமுன் பெற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியை இறக்கி முற்றத்தின் மறுகோடியில் வையுங்கள். பக்கத்தில் தண்ணீர் வாளி. முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் காரோடு நில்லுங்கள். கார்ப்பெற்றுக்குக் கீழே புகைவது உடனே தெரியாது.

சின்னப் பாகங்களின் கறளை எப்படி எடுப்பது?

மின்பகுப்பு மலிவு, பாகமும் தேயாது. பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர், லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய 12 வோல்ற் சார்ஜரின் கழித்தல் வயர் கறள் பாகத்துக்கு, கூட்டல் வயர் ஏதாவது கழிவு இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஓர் இரவில் கறள் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். வயர்களை மாற்றிக் கொடுத்தால் நல்ல பாகத்தைத்தான் கரைப்பீர்கள். கழிவுத் தகடாக எவர்சில்வர் போடாதீர்கள், தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். ஐதரசன் வாயு வரும் என்பதால் மூடிய அறையில் வைக்க வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

எடுத்தவுடன் கழுவித் துடைத்து வெயிலில் காய வைத்து அன்றே பிறைமர் அடியுங்கள். கடற்காற்றில் வெறும் தகரம் பின்னேரத்துக்குள் செம்மஞ்சளாகத் திரும்பும்.

புட்டி எவ்வளவு தடிப்பாகப் போடலாம்?

3 மிமீக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டிய பள்ளம் அது. ஓட்டைக்கு மேல் புட்டி போடவே கூடாது. புட்டி ஈரத்தை உறிஞ்சி உட்பக்கமாகக் கறளை வளர்க்கும், அடுத்த மாரியில் கொப்புளம் வரும். எபொக்சி பிறைமருக்கு மேலே புட்டி வைப்பது நம் ஊருக்குப் பாதுகாப்பு.

வீட்டில் பெயின்ற் அடிக்கலாமா?

அடிக்கலாம். எந்தப் பெயின்ற் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஹார்டனர் கலக்கும் 2கே பெயின்ற் பலமானது, பெற்றோல் சிந்தினாலும் தாங்கும். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேற் நுரையீரலைக் கெடுக்கும். மருந்துக்கடைத் துணி மாஸ்க் அதற்குத் துளியும் உதவாது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லையென்றால் ஆயத்தத்தை நீங்களே வீட்டில் செய்து, கடைசி நிறத்துக்கு மட்டும் பெயின்ற் பூத் உள்ள கராச்சுக்குக் கொண்டுபோங்கள். இதுதான் நாங்கள் சொல்லும் வழி. பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. என்சி (நைற்றோ செலுலோஸ்) பெயின்ற் வீட்டுக்கு இலகு, பொலிஷ் பண்ணித் திருத்தலாம். வெயிலில் சீக்கிரம் மங்கும் என்பதே குறை.

அடுக்குகள் இப்படி: கறள் எடுத்த தகரத்தை நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்கிக் காய வைத்தல், எபொக்சி பிறைமர் 2 கோற், புட்டி, தடிப்புப் பிறைமர் 3 கோற், 400 சாண்ட் பேப்பரில் தொடங்கி 800 வரை தண்ணீர் தேய்ப்பு, நிறம் 3 கோற். கழுவ உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காயும்போது அது உப்பைத் தகரத்திலேயே விட்டுப் போகும், அதன் மேலே அடித்த பெயின்ற் சில மாதத்தில் பருப் பருவாகக் கிளம்பும். குழாய்த் தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர்.

ஸ்பிறே துப்பாக்கியில் நிறத்துக்கு 1.4 மிமீ முனை, தடிப்புப் பிறைமருக்கு 1.7 அல்லது 1.8. கொம்பிரசர் தாங்கியில் தண்ணீர் சேரும். ஒவ்வொரு முறையும் அடித்திருகாணியைத் திறந்து வடியுங்கள், குழாயில் தண்ணீரைப் பிடிக்கும் வடிகட்டி போடுங்கள். இல்லாவிட்டால் பெயின்றில் மீன் கண் மாதிரி வட்டங்கள் வரும்.

நேரம்: விடிகாலை ஈரம் போன பிறகு, காற்று எழும்புமுன். உச்சி வெயிலில் தின்னர் பெயின்ற் தகரத்தில் படியுமுன்னமே பறந்து தோடம்பழத்தோல் மாதிரிச் சொரசொரக்கும். மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள். மழை ஈரத்தில் என்சி அடித்தால் வெள்ளை பூக்கும்.

எஞ்சின் பல வருடம் நின்று பிடித்துவிட்டது. என்ன செய்வது?

ஸ்ராற்றரை அழுத்தாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பாதி டீசல் பாதி எஞ்சின் ஒயில் கலந்து 2 மேசைக்கரண்டி விடுங்கள். ஒரு வாரம் பொறுங்கள். பிறகு முன்னால் கைத்திருகி போட்டு மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். மைனருக்குக் கைத்திருகி இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்று அன்றைக்குத் தெரியும். அசையவில்லையென்றால் ஆள் தொங்கிப் பலம் போட வேண்டாம், ஹெட்டைத் திறவுங்கள்.

சுழன்ற பிறகு ஒயிலும் ஃபில்ற்றரும் மாற்றி, பிளக் இல்லாமலே ஸ்ராற்றரால் சுழற்றி ஒயில் விளக்கு அணையும்வரை காத்திருந்து, அதன் பின்பே பெற்றோல் காட்டுங்கள். பழைய பெற்றோல் தாங்கியில் பிசினாகியிருக்கும். அதைக் கழுவாமல் ஓட்டினால் எஸ்யூ பெற்றோல் பம்பும் கார்புரேற்றரும் அடைக்கும்.

ரப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தட்டும் கைக்கும் இடையில் விடும் வெளி) குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். சரிசெய்ய 'ஒன்பது கணக்கு' உண்டு: 8 ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1 ஐச் சரிசெய்க, 7 திறந்திருக்கும்போது 2 ஐ. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் 0.015. தீப்பொறி ஒழுங்கு 1, 3, 4, 2. ஹெட் நட் 40 இறாத்தல் அடி, நடுவில் இருந்து வெளியே.

ஹெட்டைத் திறக்க நேர்ந்தால் வெளியேற்று வால்வுகளுக்குக் கடின இருக்கை போட்டுவிடுங்கள். ஈயப் பெற்றோல் காலத்து இரும்பு இருக்கை இன்றைய பெற்றோலில் நீண்ட ஓட்டத்துக்குத் தேயும்.

கியர்பொக்ஸுக்கு என்ன ஒயில்?

எஞ்சின் ஒயில்தான், 20டபிள்யூ-50 மினரல். 'கியர் ஒயில்' என்ற பெயரைக் கேட்டு இபி 90 ஊற்றுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அதில் உள்ள இரசாயனம் பித்தளை வளையங்களுக்கு ஆகாது, கியரும் கனமாக விழும். இபி 90 பின் அச்சுக்குரியது. கியர்பொக்ஸுக்கு ஏறக்குறைய 1.3 லீற்றர், பின் அச்சுக்கு 0.9.

கண்டி வீதியில் ஏறினால் சூடாகிறது. தேமோஸ்ற்றாற்றைக் கழற்றி எறியச் சொல்கிறார்கள்.

எறிய வேண்டாம். இந்த எஞ்சினில் ஹெட்டுக்கும் நீர்ப்பம்புக்கும் இடையே ஒரு குட்டிச் சுற்றுவழிக் குழாய் இருக்கிறது. தேமோஸ்ற்றாற் இல்லாவிட்டால் நீரோட்டத்தின் ஒழுங்கு கெட்டு ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். உண்மையான காரணம் பெரும்பாலும் எஞ்சின் புளொக்கின் பின்பக்கம், 4 ஆம் சிலிண்டரைச் சுற்றிப் படிந்த சேறு. புளொக்கின் வடிதிருகியைக் கழற்றினால் ஒன்றும் வராது. கம்பியால் குத்தினால் களி மாதிரி வரும். பக்கத்து அடைப்புத் தட்டுகளை எடுத்துக் கழுவுங்கள், புதுத் தட்டு மலிவு. பிறகு வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் திரும்பவும் அதே கதை.

பிறேக் மிதி அடிவரை போகிறது.

மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கி மூடித் தகட்டைத் திறந்தால் தெரியும். அதன் நீள போல்ற்றுகளை வெளியே இழுக்க ரோர்ஷன் பார் மறிக்கும்; திரும்பப் போடும்போது போல்ற்றை மறுதிசையில் செருகினால் அடுத்த முறை அந்தத் தொல்லை இல்லை.

சிலிண்டரை மாற்றுமுன் அட்ஜஸ்ரர்களை, அதாவது பிறேக் சூவை ட்றத்துக்கு நெருக்கும் திருகிகளை, பாருங்கள். முன் ட்றம் ஒவ்வொன்றிலும் இரண்டு இருக்கின்றன. ஒன்றை மட்டும் திருகி மற்றதை மறந்தால் மிதி ஆழமாகப் போகும், கார் ஒரு பக்கம் இழுக்கும். காற்று எடுப்பது பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது. பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். இந்தக் காற்றில் 2 வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். 948 காருக்கு 1098 இன் 8 அங்குல முன் ட்றம்களை முழுத் தொகுதியாகப் போடுவது செய்யத்தக்க மேம்படுத்தல்.

முன் சில்லு கழன்று விழும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

உண்மை. மைனரின் முன் சில்லு திரும்பும் தண்டு மேலும் கீழும் திருகு மரையில் நிற்கிறது. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒருநாள் வளைவில் தண்டு கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடங்கிவிடும். காரைத் தூக்கி, சில்லைக் கீழிருந்து கம்பியால் நெம்புங்கள். மேலும் கீழும் ஆடினால் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு 1,600 கிலோமீற்றருக்கும் பழைய கறுப்புக் கிறீஸ் வழிந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை பம்ப் பண்ணுங்கள். கடற்கரை மணல் வீதியில் ஓடும் கார் என்றால் பாதித் தூரத்திலேயே.

எல்ஈடி, ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம் போட வேண்டும். வயறிங் தாங்குமா?

மைனர் பிறவியிலேயே கூட்டல் முனையைப் போடிக்குக் கொடுத்த கார். இன்றைய ரேடியோவை அப்படியே கொடுத்தால் உடனே எரியும். மாற்ற விரும்பினால் பெற்றரியைத் திருப்பி வைத்து, கொயிலின் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவுக்குப் புதுத் துருவம் காட்ட வேண்டும்: அதன் 'எஃப்' வயரைக் கழற்றி, பெற்றரியின் உயிர் முனையில் (போடிக்குப் போகாத முனை) இருந்து ஒரு வயரால் அந்த முனையைக் கண் இமைக்கும் நேரம் இரண்டு மூன்று தடவை தொட வேண்டும். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான்.

பழைய டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர்தான் தரும். ஹெட்லைற் இரண்டும் சேர்ந்தே ஏறக்குறைய 10 அம்பியர் குடிக்கும். ஏசி, பெரிய மின்விசிறி என்று ஆசைப்பட்டால் ஓல்ற்றனேற்றர் போடாமல் வழியில்லை. துணி சுற்றிய பழைய வயர் நொறுங்கினால் ஒட்டுப்போடாமல் முழுக் கோர்வையையும் மாற்றுங்கள். மூலப் பியூஸ் பெட்டியில் இரண்டே பியூஸ். ஹெட்லைற்றுக்குப் பியூஸே கிடையாது. ரிலேயும் தனிப் பியூஸும் சேர்ப்பது அழகைக் கெடுக்காத நல்ல மாற்றம்.

ஜப்பான் எஞ்சின் போடலாமா?

நிஸ்ஸான் ஏ12 வகை எஞ்சினும் 5 கியரும் மைனரில் பொருந்தும், செய்தவர்கள் பலர். ஆனால் பிறேக்கை மேம்படுத்தாமல் எஞ்சினை மேம்படுத்துவது அறிவல்ல. கியர்பொக்ஸுக்கு மேலே தரையில் எழும்பி நிற்கும் சுரங்கத் தகட்டை வெட்டாமல் போல்ற்றில் நிற்கும் மாற்றமாகச் செய்து, பழைய எஞ்சினை ஒயில் விட்டுப் பொதி பண்ணி வையுங்கள். விற்கும் நாளில் அதற்குத் தனி விலை.

வேலை முடிந்தது. வீடு டச்பே பக்கம். கறள் திரும்பாமல் இருக்க?

பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு வகைக் கறள் தடுப்பானை நீளக் குழாயால் அடியுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கழிவு ஒயில் பூசும் பழக்கத்தை விடுங்கள். ரப்பர் புஷ்களை ஊத வைக்கும், தோலுக்கும் கெடுதி. கதவின் அடியிலும் பெட்டியின் அடியிலும் உள்ள வடிதுளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்து வையுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே கீழ்ப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். பிளாஸ்ரிக் படங்கால் இறுக்கிப் போர்த்த வேண்டாம், உள்ளே வியர்க்கும். மேலே கூரை, நாலு பக்கமும் காற்றோட்டம், கீழே சீமெந்துத் தரை. படங்கு போட்டே ஆக வேண்டுமென்றால் பருத்தித் துணி, அதையும் வெயில் நாளில் எடுத்து உதறிக் காயப் போடுங்கள்.